தப்புக்கோட்டு வீட்டார் எடின்பரோ போன கதை

வேல்ஸ் நாட்டின் பென்ட்ரேவெல் கிராமத்தில் ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஓர் எவன்ஸ் மேல் விழும். குறி தப்பினால் டேவிஸ் மேல் விழும். மூன்றாவதாக ஒரு குடும்பப்பெயர் வேண்டுமென்றால் மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் தேவாலயத்தில் தண்ணீர் தெளித்து வைத்த பெயரை நம்பி அந்த ஊரில் யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. பட்டப்பெயர்தான் விலாசம், பட்டப்பெயர்தான் அடையாள அட்டை.

பட்டப்பெயர் சும்மா கிடைத்துவிடாது. ஒரு மனிதன் உருப்படியாக ஒரு மடத்தனம் பண்ண வேண்டும், அதை இரண்டு பேராவது கண்ணால் பார்க்க வேண்டும். தேவாலயக் கூரையில் ஏறி, ஏணியைத் தானே உதைத்துத் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடியும்வரை உச்சியில் உட்கார்ந்திருந்த எம்ரிஸுக்கு ‘ஏணி’ என்று பெயர். அவருடைய மனைவி ஏணியம்மா. பேரன், பாவம், தவழக்கூடத் தொடங்கவில்லை. அதற்குள் குட்டி ஏணி. ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான். அந்த வீட்டில் யாராவது அதைவிடப் பெரிய கூத்து அடித்தால் பழைய பெயர் போய்ப் புதிய பெயர் ஒட்டும். இல்லாவிட்டால் கல்லறை வரைக்கும் கூட வரும்.

இந்தக் கதையின் நாயகர் ஹெவின் எவன்ஸுக்கு ‘தப்புக்கோடு’ என்று பெயர். பத்தொன்பது வயதில், பக்கத்து ஊரோடு நடந்த ரக்பி இறுதி ஆட்டத்தில், சேற்றிலும் மூடுபனியிலும் பந்து அவர் கைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எதிரில் யாருமே இல்லை. ஹெவின் ஓடினார், ஓடினார், கோட்டைத் தாண்டி மண்டியிட்டுப் பந்தைத் தரையில் வைத்து, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். ரக்பியில் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால்தான் புள்ளி. எதிரில் ஏன் யாருமே இல்லை என்றால், அது அவருடைய சொந்த அணியின் கோடு. அடுத்த நிமிடமே எதிரணி அதே இடத்தில் பந்தை வைத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. ஊரில் குழாய் ரிப்பேர் எல்லாம் அவர்தான், கை வைத்த குழாய் பிறகு சொட்டியதில்லை. இருந்தாலும் என்ன, “தப்புக்கோட்டைக் கூப்பிடு, தண்ணி வரல” என்றுதான் சொல்வார்கள். அவருடைய கல்யாணத்தன்று ஊரே தேவாலயத்துக்கு வந்து, பீடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பாதிரியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. நெஸ்டா அன்றைக்கு அழகாகச் சிரித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அந்த ஒரு சிரிப்புக்காகவே உயிரையும் கொடுக்கலாம் என்று ஹெவின் அன்றே முடிவு பண்ணிவிட்டார்.

நெஸ்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. லனெல்லி ஊர்க்காரி, அப்பா நடுவராக இருந்தவர். தொட்டிலிலிருந்தே ரக்பிச் சட்டம் கேட்டு வளர்ந்தவள். ஊர் கிளப்பில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கும் ஒரே பெண் அவள்தான். திங்கட்கிழமை தபால் நிலையத்தில் அவள் வரிசையில் நின்றால், பெரிய மீசைக்காரர்கள்கூட நைசாகப் பக்கத்தில் வந்து, “நேத்து அந்தப் பெனால்டி சரிதானா நெஸ்டா?” என்று கேட்பார்கள். அவள் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. ‘தப்புக்கோட்டம்மா’ என்ற பெயரையும் சுமந்துகொண்டு இந்த மரியாதையையும் சம்பாதித்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவர்கள் மகள் லவ்ரிக்கு மே மாதம் குழந்தை பிறக்கப் போகிறது. அதுதான் ஹெவினுக்குப் பெரிய கவலை. அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பழகிவிட்டது. ஆனால் கண்ணே திறக்காத ஒரு சிசுவைத் தொட்டிலில் எட்டிப் பார்த்து, “இதுதான் குட்டித் தப்புக்கோடா?” என்று ஏணி எம்ரிஸ் கேட்கப் போவதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேல்ஸ் அணி ஸ்காட்லாந்தோடு மோத எடின்பரோ போகும். கிளப் பேருந்தும் பின்னாலேயே போகும். திரும்பி வரும் வழியில் பேருந்திலேயே ஊர்ப் பெயர்கள் முடிவாகும். கிளப் காரியதரிசி இட்வல்தான் தீர்ப்புச் சொல்பவர். எதையும் இரண்டுமுறை சொல்வதால் அவர் பெயர் ‘ரெண்டுதரம்’. அந்தப் பயணத்தில் சாட்சிகளுக்கு முன்னால் ஏதாவது ஒரு வீரச்செயல் செய்து, நல்லதாக ஒரு பெயரை வாங்கிவிடுவது என்று ஹெவின் கங்கணம் கட்டிக்கொண்டார்.

நெஸ்டாவிடம் இதைச் சொல்லவில்லை. “கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. இந்தத் தடவை கிளப்காரங்களோட தங்க வேண்டாம், நாம ரெண்டு பேரும் தனியா நல்ல ஓட்டல்ல தங்கலாம், ஊரைச் சுத்திப் பாக்கலாம்” என்றார்.

“உனக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள் நெஸ்டா.

வெள்ளிக்கிழமை மாலை பேருந்து எடின்பரோவில் அவர்களை இறக்கிவிட்டது. பெட்டியை அறையில் போட்டுவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டு பேராக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நெஸ்டா நினைத்தாள். ஹெவின் அவளை இழுத்துக்கொண்டு நேராக ஊர்க்காரர்கள் குடித்துக்கொண்டிருந்த மதுக்கடைக்குள் நுழைந்தார்.

“இதுதான் தனியா இருக்கறதா?”

“சும்மா ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போயிடலாம்.”

வணக்கம் சொல்லிவிட்டு ஹெவின் ஹாகிஸ் கொண்டுவரச் சொன்னார். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் ஓட்ஸோடு கொத்தி அவிக்கும் பண்டம் அது. ஒரு தட்டு தின்றால் வயிறு நிறையும். இரண்டு தின்றால் மூச்சு முட்டும். நாலு தட்டு தின்றால் ‘ஹாகிஸ் எவன்ஸ்’ ஆகலாம் என்பது அவர் கணக்கு. எதிரே இட்வலும் எம்ரிஸும் சாட்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது தட்டு முடிந்தபோது ஹெவினுடைய கண் வெளியே வந்துவிடும் போலிருந்தது. நாலாவது தட்டை வழித்து நக்கி, வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தால், எதிரே இரண்டு காலி நாற்காலிகள். பக்கத்து அறையில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். வேல்ஸ்காரன் காதில் பாட்டு விழுந்தால் அவனைக் கட்டி வைத்தாலும் நிற்கமாட்டான். இருவரும் எழுந்து போய் அடிக்குரலில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இதைப் பார்த்தது நெஸ்டா ஒருத்திதான். மனைவி சாட்சி செல்லாது.

“எதுக்கு இந்தப் பாடு?” என்று அவள் கேட்டாள்.

“பசி” என்றார் ஹெவின். அன்றிரவு கட்டிலில் அவர் நிமிர்ந்து மட்டுமே படுக்க முடிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் அடுத்த முயற்சி. ஊருக்கு நடுவில் ஆர்தர் குன்று இருக்கிறது. அதன் உச்சியில் வேல்ஸின் சிவப்பு டிராகன் கொடியோடு நின்றால் ‘கொடி எவன்ஸ்’. கேட்கவே கம்பீரமாக இல்லையா? அடிவாரத்தில் நின்று பார்க்கச் சொல்லி இட்வலையும் எம்ரிஸையும் முந்தின நாளே கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார். நேற்றைய நாலு தட்டையும் சுமந்துகொண்டு, தவழ்ந்து, புரண்டு, உச்சியை அடைந்தார். கொடியை விரித்தார். அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து மூடுபனி வந்து குன்றை மொத்தமாக மூடிக்கொண்டது. அவருக்கே அவர் கை தெரியவில்லை. மூடுபனிக்கும் ஹெவினுக்கும் ஏதோ பழைய பகை.

நனைந்த கோழியாக ஓட்டலுக்கு வந்தபோது நெஸ்டா காலை உணவு மேசையில் இருந்தாள். கொடியிலிருந்து தண்ணீர் தரைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவருக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“எனக்காக இல்ல நெஸ்டா. அந்தக் குழந்தை என்ன பண்ணிச்சு? பள்ளிக்கூடத்துக்குப் போற முதல் நாளே, தப்புக்கோட்டுப் பேத்தி வந்தாச்சுன்னு திருப்பி உக்கார வெப்பானுங்க. நான் ஓடின ஓட்டத்துக்கு அது எதுக்கு மூச்சு வாங்கணும்?”

நெஸ்டா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே தடவிய இடத்திலேயே மறுபடியும் தடவினாள்.

“பேத்திதான்னு முடிவே பண்ணிட்டியா?”

“ஏதோ ஒண்ணு.”

“சட்டைய மாத்து. சளி பிடிக்கும்” என்றாள்.

மைதானத்தில் கிளப் வாங்கிய இருக்கைகள் எல்லாம் ஒரே வரிசை. ஒரு பக்கம் இட்வல், எம்ரிஸ், மற்ற எவன்ஸ்கள், டேவிஸ்கள். கடைசியில் ஹெவின், அவருக்கு அடுத்து நெஸ்டா. அவளுக்கு அந்தப் பக்கம், அவர்கள் அணியின் நீலச்சட்டையும், அந்த ஊர் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கில்ட் பாவாடையும் கட்டிய ஒரு ஸ்காட்லாந்துக்காரர், இரண்டு நாற்காலிக்குரிய உடம்பை ஒரு நாற்காலியில் திணித்து வைத்திருந்தார். நெஸ்டா தலையில் வேல்ஸின் தேசியப் பூவான டாஃபடிலின் இதழ்போல மஞ்சள் தொப்பி மாட்டியிருந்தாள். தேசிய கீதத்தின்போது வரிசையே அழுதது, அது வழக்கம்தான்.

முதல் பாதியில் வேல்ஸ் நன்றாகவே ஆடியது. இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. இரண்டாவது பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வலது ஓரமாக முட்டிக்கொண்டு வந்தார்கள். நெஸ்டா ஹெவின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“அவங்க பதிமூணாம் நம்பரப் பாரு. ஓரத்துல முட்டற மாதிரி முட்டிட்டு நடுவுல விடப்போறாங்க. நம்மாளு தூங்கறான். இப்ப நேரா உள்ள வந்து வெக்கப்போறான் பாரு.”

சொல்லிவிட்டு அவள் செய்ததை ஹெவின் ஒருவர்தான் கவனித்தார். சாலையைக் கடக்கப்போகிறவள்போல இடதும் வலதும் பார்த்தாள். இட்வல் இருக்கிறார். எம்ரிஸ் இருக்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். நிதானமாக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

பந்து நடுவுக்கு வந்தது. பதிமூன்றாம் எண்காரர் வெண்ணெயில் கத்திபோல உள்ளே வந்து, வேல்ஸின் கோட்டுக்குப் பின்னால் பந்தை வைத்தார்.

வரிசை முழுக்கத் தலையில் கை வைத்தபோது, நெஸ்டா நாற்காலிமேல் ஏறி நின்றாள். “வெச்சுட்டான், நம்ம பையன் வெச்சுட்டான்” என்று கூவினாள். தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தாள். அதுவும் போதாதென்று பக்கத்து ஸ்காட்லாந்துக்காரரின் இரண்டு காதுகளையும் பிடித்து, நெற்றியில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள்.

“தாயே, உங்க ஊர்ல எல்லாருமே இவ்வளவு நல்லவங்களா?” என்றார் அவர், கண் கலங்கி.

இரண்டு சாட்சி போதும் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். படம் பிடிக்கும் ஆள் வேறு கணக்குப் போட்டுவிட்டான். மைதானத்தின் ராட்சதத் திரையில் சிவப்புச் சட்டை போட்ட நெஸ்டா, நீலச்சட்டைக்காரரின் காதைப் பிடித்து முத்தமிடுவது பேருந்து அளவுக்குத் தெரிந்தது. ஒருமுறை காட்டினார்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டு இன்னொருமுறை காட்டினார்கள். மைதானமே எழுந்து நின்று அவளுக்குக் கைதட்டியது. பென்ட்ரேவெல்லில் தொலைக்காட்சி இருந்த எல்லா வீட்டிலும் தேநீர் சிந்தியது.

“நெஸ்டா, வெச்சது அவங்க. வெச்சது அவங்க” என்றார் இட்வல்.

“அவங்களா?” நெஸ்டா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். “இடைவேளைக்கப்புறம் பக்கம் மாத்தினத மறந்தே போயிட்டேன்.”

“சட்டைக் கலருமா மறந்துபோச்சு?” என்றார் எம்ரிஸ்.

“கண்ணாடி போடலப்பா.”

ஹெவின் கைப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. வேல்ஸ் இன்னும் மூன்று புள்ளி எடுத்தது, அப்புறம் ஸ்காட்லாந்து கடைசி நேரத்தில் இன்னொருமுறை பந்தை வைத்து ஜெயித்தது; ஹெவினுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் எல்லாருக்கும் தலைவலி, எல்லாருக்கும் தோல்வியின் எரிச்சல். தோற்றுவிட்டுத் திரும்புகிற வண்டிக்குச் சிரிக்க ஒரு விஷயம் இல்லாவிட்டால் அது சவ ஊர்வலம் ஆகிவிடும். இந்தத் தடவை விஷயம் கைநிறைய இருந்தது. ஊரின் பெரிய ரக்பி மூளை, இத்தனை காலம் எல்லார் வாயையும் அடைத்த மூளை, பக்கம் தெரியாமல் எதிரிக்கு முத்தம் கொடுத்துவிட்டது. நிஜமாகவே மறந்திருப்பாளா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இவ்வளவு நல்ல கதையில் யார் சந்தேகப்படுவார்கள்?

‘முத்தம்’ என்று பெயர் வைக்கலாம் என்றார் ஒருவர். ஏற்கெனவே ஒரு முத்தம் டேவிஸ் இருக்கிறார், அவர் கதை வேறு, என்று தள்ளுபடி ஆனது. இட்வல் எழுந்து, தொண்டையைச் செருமினார்.

“நீலம். நீலம். நீலம் நெஸ்டா. அந்த வீடு இனிமே நீலம் வீடு. பழைய பேரு ரத்து. பழைய பேரு ரத்து.”

“அப்ப மே மாசம் குட்டி நீலம் வரப்போகுதுன்னு சொல்லுங்க” என்றார் ஏணி எம்ரிஸ். பேருந்து ஆரவாரித்தது.

குட்டி நீலம். முப்பத்தைந்து வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் உருண்டு போனது ஹெவினுக்குத் தெரிந்தது. அது போன இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது. பின்னால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்: “இவளை இனிமே தேர்வுக்குழுவுல வெக்கலாமா? நம்ம பையனுங்களுக்குப் பதிலா பக்கத்து ஊர்ப் பையனுங்களைத் தேர்ந்தெடுத்துடப் போறா.” வண்டி முழுக்கச் சிரித்தது. நெஸ்டாவும் கூடவே சிரித்தாள். கல்யாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு.

ஹெவினால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

“எல்லாரும் கேளுங்க. அவளுக்குத் தெரியும். பந்து வெக்கறதுக்கு முன்னாலயே பதிமூணாம் நம்பர்னு சொன்னா. கண்ணாடிய வேணும்னேதான் கழட்டினா.”

எம்ரிஸ் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். “பொண்டாட்டிய விட்டுக்கொடுக்காம பேசற பாரு, அதுதான் ஆம்பளைக்கு அழகு. உக்காரு.”

“நிஜமாத்தான் சொல்றேன்யா.”

நெஸ்டா அவர் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு காதருகே சொன்னாள்: “வாய மூடு மனுஷா. கஷ்டப்பட்டுப் பந்தைக் கொண்டுவந்து உன் கையில குடுத்திருக்கேன். மறுபடியும் திரும்பி நம்ம கோட்டுக்கே ஓடறியே.”

ஹெவின் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கம் சாய்ந்தார்.

“திங்கட்கிழமை தபாலாபீஸ்ல இனிமே உன்னை யாரும் கேக்கமாட்டாங்களே.”

“தெரியும்.”

“எனக்காகவா பண்ணின?”

“குழந்தைக்காக” என்றாள். சற்றுப் பொறுத்து, “உனக்காகவும்தான். அந்தக் கொடியப் பிழிஞ்சுக்கிட்டு நின்னியே, பாக்கச் சகிக்கல” என்றாள்.

பின்னிருக்கையில் ஸ்காட்லாந்து கடைசியாகப் பந்தை வைத்ததைப் பற்றிச் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. பந்தை முன்னால் எறிந்தான், அது தப்பு, நடுவர் கண்ணை விற்றுவிட்டான் என்று ஒரே கூச்சல். ரக்பியில் பந்தைப் பின்னால்தான் எறியலாம் என்பது அந்த வண்டியின் சக்கரத்துக்குக்கூடத் தெரியும். நெஸ்டா சட்டென்று திரும்பினாள். வாயைத் திறந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்த முகங்களில் ஏற்கெனவே சிரிப்பு தயாராக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு, முன்னால் திரும்பி, மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

ஹெவின் அதைப் பார்த்தார். தலையைச் சாய்த்து அவள் வாய்க்கு நேராகக் காதைக் கொண்டுபோனார்.

“சொல்லு.”

“என்னத்த?”

“அது தப்பா, சரியா? சொல்லு.”

நெஸ்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். ஹெவின் இரண்டாவது முறையாக எழுந்தார். “மறுபடியுமா” என்று வண்டி முனகியது.

“நடுவர் சொன்னது சரிதான்” என்றார் ஹெவின். “அவன் கையிலேர்ந்து பின்னாலதான் விட்டான். வேகமா ஓடிக்கிட்டே விட்டதால பந்தும் கூடவே முன்னால மிதந்து போச்சு. சட்டம் கை எந்தப் பக்கம் விட்டுதுன்னுதான் பாக்கும், பந்து எங்க போய் விழுந்துதுன்னு பாக்காது.”

ஆளாளுக்குக் கையை வீசி, ஓடுகிற மாதிரியும் எறிகிற மாதிரியும் நாற்காலியிலேயே செய்து பார்த்தார்கள். எம்ரிஸ் தாடையைச் சொறிந்தார். கடைசியில் இட்வல்தான் வாயைத் திறந்தார்.

“ஹெவின் சொல்றது சரி. ஹெவின் சொல்றது சரி.”

ஹெவின். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் ஹெவின். அம்மா கூப்பிட்ட பெயர். அதை அந்த வண்டியில் ஒருவர் வாயால், அதுவும் இரண்டுதரம், கேட்டதும் அவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஆடுகள் மேய்ந்த பச்சை மொத்தமும் கலங்கலாகத் தெரிந்தது.

“கண்ணைத் தொடை” என்றாள் நெஸ்டா, கைக்குட்டையை நீட்டி. “ரெண்டாவது பாதியில நம்ம பயிற்சியாளர் பண்ணின தப்பு ஒண்ணு இருக்கு. அது இவங்க யாருக்கும் தெரியாது. காதைக் குடு.”